ஒரேயொரு இணையதளம் மட்டும் ஏன் திறக்கவில்லை? வாடிக்கையாளர் சேவை மையத்துக்கும் தெரியாத காரணம்

புதுடெல்லி: இணைய இணைப்பில் எந்தக் கோளாறும் இல்லை. மின்னஞ்சல் வருகிறது, காணொலி ஓடுகிறது, வங்கிச் செயலி திறக்கிறது. குறிப்பிட்ட ஓர் இணையதளம் மட்டும் வெகுநேரம் சுற்றிவிட்டு, "இந்தத் தளத்தை அணுக முடியவில்லை" என்ற அறிவிப்புடன் நின்றுவிடுகிறது. ரவுட்டரை அணைத்து மீண்டும் இயக்கிப் பார்த்தும் பயனில்லை. சேவை மையத்தை அழைத்தால், அவர்களும் ரவுட்டரை அணைத்து இயக்கத்தான் சொல்கிறார்கள்.

இது கோளாறா, தடையா? தடை என்றால் விதித்தது யார்? இந்தியாவில் இணையம் பயன்படுத்துவோர் பலரும் என்றாவது ஒருநாள் எதிர்கொள்ளும் இக்கேள்விக்கு விடை பெறுவது எளிதாக இல்லை. அதற்கு வாடிக்கையாளரின் அறியாமை காரணமல்ல. விடை வெளிவராதபடியே சட்டமும் தொழில்நுட்பமும் நிறுவனங்களின் நடைமுறையும் அமைந்துள்ளன.

ஒன்பது மாதம் காணாமற்போன வி.எல்.சி.

கணினியில் திரைப்படமோ பாடலோ இயக்குபவர்களுக்கு வி.எல்.சி. மென்பொருளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சாலையில் வைக்கப்படும் ஆரஞ்சு, வெள்ளை நிறக் கூம்புதான் அதன் சின்னம். பிரான்ஸைச் சேர்ந்த வீடியோலேன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு அதை இலவசமாக வழங்குகிறது. அந்த அமைப்பின் இணையதளம் 2022 பிப்ரவரி முதல் இந்தியாவில் பலருக்கும் திறக்கவில்லை.

செயலிக் கடைகளில் வி.எல்.சி. வழக்கம்போல் கிடைத்தது. வேறு தளங்களில் இருந்தும் பதிவிறக்க முடிந்தது. அதிகாரபூர்வ தளம் மட்டுமே மறைந்துபோனது. ஆகவே, பாதுகாப்பான மூலப்பிரதியை நாடியவர்கள்தான் ஏதேதோ தளங்களில் இருந்து அதை எடுக்க வேண்டியதாயிற்று. பாதுகாப்பு என்ற கோணத்தில் பார்த்தால் இது தலைகீழான விளைவு.

தடைக்கான காரணத்தை அரசு பொதுவெளியில் அறிவிக்கவில்லை. மென்பொருளை உருவாக்கியவர்களுக்கு முன்னறிவிப்பும் இல்லை, தடை உத்தரவின் நகலும் தரப்படவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில், டெல்லியைச் சேர்ந்த இன்டர்நெட் ஃபிரீடம் ஃபவுண்டேஷன் அமைப்பின் உதவியுடன், தொலைத்தொடர்புத் துறைக்கும் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கும் வீடியோலேன் சட்ட நோட்டீஸ் அனுப்பியது. அதன் பிறகே, நவம்பர் மத்தியில் தடை நீக்கப்பட்டது.

இடைப்பட்ட ஒன்பது மாதங்களில் அத்தளத்தைத் திறக்க முயன்று, கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதோ என்று ஐயுற்றுச் சேவை மையங்களை அழைத்தவர்கள் எத்தனை பேரோ! அந்த அழைப்புகளை ஏற்ற பணியாளர்களுக்கும் விடை தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தடுக்கும் அதிகாரம் யாருக்கு?

இணையச் சேவை நிறுவனம் ஒன்று தன் விருப்பப்படி ஓர் இணையதளத்தைத் தடுக்க முடியாது. இணையச் சமநிலை தொடர்பாக இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-ல் பரிந்துரைகளை அளித்தது. மத்திய அரசு 2018-ல் அவற்றை ஏற்று, நிறுவனங்களின் உரிம நிபந்தனைகளில் சேர்த்தது. அதன்படி, சட்டபூர்வமான உள்ளடக்கத்தைத் தடுப்பதும் வேகத்தைக் குறைப்பதும் உரிம மீறலாகும். அரசின் உத்தரவுக்கும் நீதிமன்ற உத்தரவுக்கும் கட்டுப்பட்டுத் தடுப்பது இதற்கு விதிவிலக்கு.

அரசின் உத்தரவு பெரும்பாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் பிறப்பிக்கப்படுகிறது. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு ஆகியவற்றைக் காக்கவும், இவை தொடர்பான குற்றங்களுக்குத் தூண்டுவதைத் தடுக்கவும் இப்பிரிவைப் பயன்படுத்தலாம். இதற்கான நடைமுறை விதிகள் 2009-ல் வகுக்கப்பட்டன. சட்டம், உள்துறை, தகவல் ஒலிபரப்பு ஆகிய அமைச்சகங்களின் பிரதிநிதிகளைக் கொண்ட குழு ஒவ்வொரு கோரிக்கையையும் ஆராய வேண்டும். உள்ளடக்கத்துக்குப் பொறுப்பானவருக்கு அல்லது அதை வெளியிடும் இடைநிலை நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பி, பதிலளிக்கக் குறைந்தது 48 மணி நேரம் தர வேண்டும். அவசர நேர்வுகளில் முதலில் தடை விதித்துவிட்டு, 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைத்தால் போதும்.

நாடாளுமன்றத்தில் அரசு அளித்த தகவல்படி, இப்பிரிவின் கீழ் தடுக்கப்பட்ட இணைய முகவரிகள் 2014-ல் 471. அதுவே 2020-ல் 9,849 ஆனது. சமூக ஊடகப் பதிவுகளும் கணக்குகளும் இவற்றில் அடங்கும் என்பதால், அத்தனையும் முழு இணையதளங்கள் என்று கொள்ள வேண்டியதில்லை.

உத்தரவைச் செயல்படுத்தத் தவறும் நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்க 69ஏ பிரிவு வழிசெய்கிறது. தேவைக்கு அதிகமாகத் தடுத்துவிட்டாலோ, தடை நீங்கிய பிறகும் தளத்தைத் திறந்துவிட மறந்தாலோ அப்பிரிவில் தண்டனை ஏதும் இல்லை. ஒருபுறம் சிறை, மறுபுறம் எதுவுமில்லை என்றால், ஒரு நிறுவனம் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ரகசியம் காக்கும் 16-வது விதி

2009-ம் ஆண்டு விதிகளில் 16-வது விதி, தடைக் கோரிக்கைகளும் அவற்றின் மீதான நடவடிக்கைகளும் கண்டிப்பாக ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பவர்களுக்கும் இவ்விதியைக் காட்டித் தகவல் மறுக்கப்படுகிறது.

ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை ரத்து செய்தது. ஆனால், 69ஏ பிரிவையும் அதன் விதிகளையும் செல்லும் என்று ஏற்றது. தடைக்கான காரணங்கள் எழுத்துமூலம் பதிவு செய்யப்படுவதால், அவற்றை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும் என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. எழுதப்பட்ட உத்தரவு கைக்குக் கிடைக்காத நிலையில் அதை எவ்வாறு எதிர்ப்பது என்ற சிக்கல் அதன் பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

வரதட்சிணை வழக்கத்தைக் கேலி செய்யும் 'டவுரி கால்குலேட்டர்' என்ற தளத்தின் கதை இதற்குச் சான்று. மாப்பிள்ளையின் படிப்பு, வேலை, சம்பளம் ஆகியவற்றைக் கொடுத்தால் அவருக்கு எவ்வளவு வரதட்சிணை 'தகும்' என்று கணக்கிட்டுச் சொல்லும் அங்கதத் தளம் அது. பத்திரிகையாளர் தனுல் தாக்கூர் 2011-ல் அதை உருவாக்கினார். 2018-ல் அது தடுக்கப்பட்டது. அவருக்கு நோட்டீசும் வரவில்லை, விசாரணையும் நடக்கவில்லை. கேட்டபோது ரகசிய விதியே பதிலாக வந்தது. அவர் 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். தடை உத்தரவின் நகலை அவருக்கு அளித்து, அவரது தரப்பைக் கேட்க வேண்டும் என்று 2022 மே மாதம் நீதிமன்றம் உத்தரவிட்டது. தன் தளம் ஏன் முடக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வதற்கே அவருக்கு இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன.

தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும் நிகழ்வு இன்னும் அண்மையது. பிரதமர் குறித்த கேலிச்சித்திரம் தொடர்பான புகாரைத் தொடர்ந்து, 2025 பிப்ரவரி 15 அன்று விகடன் இணையதளம் பலருக்கும் திறக்கவில்லை. பல இடங்களில் தளத்தைப் பார்க்க முடியவில்லை என்று பயனர்கள் தெரிவிப்பதாகவும், மத்திய அரசிடமிருந்து முறைப்படி அறிவிப்பு எதுவும் வரவில்லை என்றும் அந்நிறுவனம் அன்று விளக்கம் வெளியிட்டது. நூற்றாண்டை நெருங்கிய ஒரு பத்திரிகை நிறுவனமே தன் தளத்தின் நிலையை முதலில் வாசகர்களிடமிருந்துதான் அறிய நேர்ந்தது. பின்னர் மார்ச் 6 அன்று, குறிப்பிட்ட கேலிச்சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தின் மீதான தடையை விலக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இணைய முடக்க உத்தரவுகளுக்கு இவ்வளவு ரகசியம் இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ஒரு மாவட்டத்தில் இணையச் சேவையை முழுமையாக நிறுத்தும் உத்தரவுகள் வெளியிடப்பட வேண்டும் என்று அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. இணையம் முழுவதும் முடங்கினால் உத்தரவைக் கேட்டுப் பெறலாம், ஒரு தளம் மட்டும் முடங்கினால் பெற முடியாது என்பதே இன்றைய நிலை.

திரைப்படங்களுக்காக விரிக்கப்பட்ட வலை

நீதிமன்ற உத்தரவுகளில் கணிசமானவை திருட்டுத்தனமாகப் படங்களை வெளியிடும் தளங்களுக்கு எதிரானவை. யார் திருடப்போகிறார் என்று தெரியாத நிலையில், பெயர் அறியாத நபர்களை எதிர்மனுதாரராகச் சேர்த்து முன்கூட்டியே தடை பெறுவது வழக்கம். இந்திய நீதிமன்றங்களில் அந்தப் பெயரறியா மனிதருக்கு 'அசோக் குமார்' என்று பெயர். உண்மையிலேயே அசோக் குமார் என்ற பெயர் கொண்ட ஆயிரக்கணக்கானோர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

2012-ல் '3' திரைப்படத்தின் தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றத்தில் இத்தகைய உத்தரவைப் பெற்றார். அதைக் காரணம் காட்டி இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் உள்ளிட்ட தளங்களை அடியோடு முடக்கின. அந்தத் தளங்களில் குறும்பட இயக்குநர்களும் மென்பொருள் எழுதுவோரும் வெளியிட்டவையும் சேர்ந்தே மறைந்தன. தளம் முழுவதையும் தடுக்கச் சொல்லவில்லை, படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று அந்த ஆண்டு ஜூன் மாதம் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்து அதே நீதிமன்றத்தில் இரண்டு இந்திப் படங்களுக்காகப் பெறப்பட்ட உத்தரவுகளின் பட்டியலில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன. உலகின் பழைய இணையப் பக்கங்களையும் நூல்களையும் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளமும் அதில் ஒன்று. 2017 ஆகஸ்டில் இந்தியாவில் அது திறக்காமற்போனபோது, காரணம் ஒரு திரைப்படம் என்று யாருக்குத்தான் தோன்றியிருக்கும்? அதற்கு முன் 2014 டிசம்பரிலும் இதே தளம், கிட்ஹப் உள்ளிட்ட 32 தளங்களில் ஒன்றாக, பயங்கரவாத எதிர்ப்பு விசாரணை ஒன்றின் தொடர்ச்சியாக முடக்கப்பட்டிருந்தது.

பட்டியல்கள் ஒருமுறை தயாரானால் எளிதில் மறைவதில்லை. 2015-ல் ஆபாசத் தளங்கள் என்று 857 முகவரிகளைத் தடுக்க உத்தரவிடப்பட்டது. அவற்றில் நகைச்சுவைத் தளங்கள் சிலவும் இருப்பதாக எதிர்ப்பு எழுந்ததால், சில நாட்களிலேயே உத்தரவு தளர்த்தப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து அதே 857 பெயர் கொண்ட பட்டியல் மீண்டும் எடுக்கப்பட்டது. சரிபார்த்தபோது அவற்றில் 30 தளங்களில் ஆபாசம் எதுவும் இல்லை என்று அமைச்சகமே கண்டறிந்து, எஞ்சிய 827 தளங்களைத் தடுக்கச் சொன்னது.

இந்தப் போக்குக்கு மாறாக ஒரு நீதிபதி எடுத்த முயற்சி குறிப்பிடத்தக்கது. 2016 ஜூலையில் 'டிஷூம்' திரைப்பட வழக்கில், மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் முழுத் தளங்களைத் தடுக்க மறுத்தார். குறிப்பிட்ட முகவரிகளைத் தடுக்கும்போதும், பயனருக்குக் காட்டப்படும் அறிவிப்பில் உரிய விவரங்கள் இருக்க வேண்டும் என்றார். தடையால் பாதிக்கப்பட்டவர் தொடர்புகொள்ள ஒரு மின்னஞ்சல் முகவரியும், 48 மணி நேரத்துக்குள் வழக்கு விவரங்கள் தரப்படும் என்ற உறுதியும் அந்த அறிவிப்பில் இடம்பெற்றன. சமூக ஊடகங்கள் அன்று அந்த அறிவிப்பின் மற்றொரு வாசகத்தைப் பிடித்துக்கொண்டு, 'இணையப் பக்கத்தைப் பார்த்தாலே சிறை' என்று பரபரத்தன. வாடிக்கையாளருக்குப் பயன்படக்கூடிய அந்த மின்னஞ்சல் முகவரியை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

தடை ஏன் கோளாறு போலத் தெரிகிறது?

பல ஆண்டுகளாக இந்தியப் பயனர்களுக்குப் பழக்கமான அறிவிப்பு வேறு. தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி இம்முகவரி தடுக்கப்பட்டுள்ளது, மேலும் விவரங்களுக்கு நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும் என்று அது சொல்லும். எந்த நிர்வாகி, எந்த எண், எந்த உத்தரவு என்பவை அதில் இருக்காது. ஆயினும், இது தடைதான் என்பதையாவது அது தெரிவித்தது. இப்போது அதுவும் அரிதாகி வருகிறது. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு.

முன்பு இணையதளங்களுடனான தகவல் பரிமாற்றம் அஞ்சலட்டை போல இருந்தது. வழியில் இருக்கும் சேவை நிறுவனம் அதைப் படிக்கலாம், அதற்குப் பதிலாகத் தன் அறிவிப்பை வைத்தும் அனுப்பலாம். இன்று பெரும்பாலான தளங்கள் எச்.டி.டி.பி.எஸ். என்ற மறையாக்க முறைக்கு மாறிவிட்டன. இது முத்திரையிட்ட உறை. உறையின் மேல் எழுதப்பட்ட தளத்தின் பெயரை மட்டுமே நிறுவனம் பார்க்க முடியும். உள்ளே தன் அறிவிப்பை வைக்க முயன்றால் முத்திரை பொருந்தாது. உலாவி உடனே பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும். ஆகவே நிறுவனங்கள் உறையைத் தூக்கி எறிந்துவிடுகின்றன. பயனர் கண்ணில் படுவது 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்ற பொதுவான செய்தி மட்டுமே. கடலடிக் கேபிள் அறுந்தாலும், ரவுட்டர் பழுதானாலும், அரசு தடுத்தாலும் திரையில் வருவது ஏறக்குறைய அதே செய்திதான்.

இதில் இன்னொரு விளைவும் உண்டு. உறையின் மேல் தளத்தின் பெயர் மட்டுமே இருப்பதால், ஒரு பக்கத்தை மட்டும் தடுக்கச் சொல்லும் உத்தரவைச் சேவை நிறுவனத்தால் அப்படியே நிறைவேற்ற இயலாது. தளத்தை முழுவதும் தடுக்க வேண்டும், இல்லையேல் விட்டுவிட வேண்டும். 7 ஆண்டுச் சிறைத் தண்டனை நினைவில் இருக்கும்போது எது நடக்கும் என்பது ஊகிக்கக்கூடியதே.

வேறொரு முறை, டி.என்.எஸ். வழியாகத் தடுப்பது. தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் ஏற்பாடு அது. அங்கே பெயரை அழித்துவிட்டாலோ, தவறான எண்ணைக் கொடுத்தாலோ, தளம் இருந்தும் இல்லாததாகிவிடும். எண் முகவரியையே தடுப்பது மூன்றாவது முறை. ஒரே எண் முகவரியை நூற்றுக்கணக்கான தளங்கள் பகிர்ந்துகொள்வது இன்று சாதாரணம் என்பதால், ஒரு வீட்டைப் பூட்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசற்கதவையே பூட்டியதுபோல் ஆகிவிடும்.

ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முறையைக் கையாள்வதால் பக்கத்து வீட்டில் திறக்கும் தளம் நம் வீட்டில் திறப்பதில்லை. பெங்களூருவின் இணையம் மற்றும் சமூக மையத்துடன் தொடர்புடைய ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. ஆறு பெரிய நிறுவனங்களின் இணைப்புகளில் அவர்கள் சோதித்துப் பார்த்ததில், ஏதேனும் ஒரு நிறுவனத்திலாவது தடுக்கப்பட்ட தளங்கள் 4,033 இருந்தன. ஆறு நிறுவனங்களுமே தடுத்தவை 1,115 மட்டுமே. அனைவருக்கும் ஒரே அரசு, ஒரே சட்டம். பட்டியல்கள் மட்டும் வெவ்வேறு. உத்தரவைச் சிலர் நிறைவேற்றவில்லையா, அல்லது உத்தரவே இல்லாமல் சிலர் தடுக்கிறார்களா என்பதை வெளியில் இருந்து யாராலும் சரிபார்க்க முடியாது. ரகசிய விதியின் நிழலில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

சேவை மையத்தில் நடப்பது என்ன?

இந்தப் பின்னணியில் வாடிக்கையாளரின் அழைப்பு சேவை மையத்துக்குச் செல்கிறது. தடை உத்தரவுகளைப் பெறுவதற்கென்று நிறுவனத்தில் பொறுப்பு அதிகாரி இருப்பார். அவரிடம் ரகசியமாக வரும் பட்டியல், வலையமைப்பைக் கவனிக்கும் பொறியாளர்கள் வரை செல்லும். தொலைபேசியை எடுக்கும் பணியாளரின் கணினித் திரையில் அது இருக்காது. அவர் முன் இருப்பது கேள்விகளின் வரிசை: விளக்கு எரிகிறதா, வேகம் எவ்வளவு, கட்டணம் நிலுவையில் உள்ளதா?

'இணைப்பு இல்லை', 'வேகம் குறைவு', 'கட்டணக் குளறுபடி' என்ற வகைகளுக்குள் புகாரை அடக்கியாக வேண்டும். 'ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை' என்பது எதிலும் பொருந்தாது. எனவே அது வேகக் குறைவாகப் பதிவாகும். தொழில்நுட்பப் பணியாளர் வீட்டுக்கு வந்து வேகத்தை அளப்பார். வேகம் சரியாக இருக்கும். 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வரும். அவர்களது ஏட்டில் அது உண்மையும்கூட.

பணியாளர் மீது கோபப்படுவதில் பொருளில்லை என்பதற்காகவே இவ்வளவும் சொல்லப்படுகிறது. ஆனால் நிறுவனத்தை அவ்வளவு எளிதில் விட்டுவிட முடியாது. உத்தரவின் உள்ளடக்கம் ரகசியமாக இருக்கலாம். 'இது எங்கள் கோளாறு அல்ல, சட்டப்படியான தடை' என்ற ஒரு வரியைச் சேவை மையத்துக்குத் தெரிவிப்பதற்குத் தடையேதும் இருப்பதாகத் தெரியவில்லை. பல ஆண்டுகளாகத் திரையில் காட்டப்பட்ட அறிவிப்பே அதைத்தானே சொல்லிவந்தது? அந்த ஒரு வரி கிடைக்காததால், வாடிக்கையாளர் புதிய ரவுட்டர் வாங்குகிறார், கணினியை முழுவதும் அழித்து மீண்டும் நிறுவுகிறார்.

பயனர் என்ன செய்யலாம்?

முதலில் கோளாறா தடையா என்று பிரித்தறிய வேண்டும். வீட்டு இணைப்பில் திறக்காத தளத்தைக் கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, வேறொரு நிறுவனத்தின் டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் தளம் உயிருடன் இருக்கிறது, கோளாறு அல்லது தடை உங்கள் நிறுவனத்தின் பாதையில் இருக்கிறது என்று பொருள். எங்குமே திறக்காவிட்டால் வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் திறக்கச் சொல்லிப் பார்ப்பது எளிய வழி. அவருக்கும் திறக்கவில்லை என்றால் பழுது தளத்திலேயே இருக்கக்கூடும். ரவுட்டரில் அல்லது உலாவியில் வேறு பொது டி.என்.எஸ். சேவையை அமைத்தவுடன் தளம் திறந்துவிட்டால், உங்கள் நிறுவனத்தின் டி.என்.எஸ். பட்டியலில்தான் சிக்கல் என்பது உறுதியாகும். திரையில் வந்த செய்தியைத் தேதி, நேரத்துடன் படம் எடுத்து வைப்பது பிறகு உதவும்.

அடுத்து, தொலைபேசியில் வாதிடுவதைவிட எழுத்தில் கேட்பது நல்லது. 'தளம் திறக்கவில்லை' என்று எழுதினால் மீண்டும் ரவுட்டரில்தான் போய் நிற்கும். 'இந்த முகவரி உங்கள் வலையமைப்பில் தடுக்கப்பட்டுள்ளதா? ஆம் எனில், அரசு உத்தரவாலா, நீதிமன்ற உத்தரவாலா? நீதிமன்ற உத்தரவு எனில் வழக்கு எண் என்ன?' என்று கேளுங்கள். நீதிமன்ற உத்தரவுகளுக்கு 16-வது விதியின் ரகசியம் தானாகப் பொருந்திவிடாது. அவற்றில் பல உயர் நீதிமன்றங்களின் இணையதளங்களிலேயே கிடைக்கின்றன. சேவை மைய எண்ணை இணையத்தில் தேடி எடுக்காமல், கட்டண ரசீதில் இருந்தோ நிறுவனத்தின் செயலியில் இருந்தோ எடுப்பது பாதுகாப்பானது. போலிச் சேவை மைய எண்களை வைத்து மோசடி செய்வோர் தேடுபொறிகளில் காத்திருக்கிறார்கள்.

டிராயின் 2012-ம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் வழங்கப்பட வேண்டும். பதில் திருப்தி அளிக்காவிட்டால், அதற்கான காலக்கெடு முடிந்த 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை. 39 நாட்களுக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். மேல்முறையீட்டை விசாரிப்பவரும் நிறுவனத்தைச் சேர்ந்தவரே என்பது இந்த ஏற்பாட்டின் வெளிப்படையான குறை. ஆயினும், சேவை மையத்தைத் தாண்டி விவரம் தெரிந்த ஒருவரின் மேசைக்குக் கேள்வி செல்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால் அங்கே எழுதிக் காத்திருப்பதில் பலனில்லை. நிறுவனத்தின் இரு கட்டங்களையும் கடந்த பிறகு, தொலைத்தொடர்புத் துறையின் பொதுமக்கள் குறைதீர்ப்புப் பிரிவை மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளம் வழியாக அணுகலாம்.

உத்தரவு ஏதுமின்றி நிறுவனம் தவறுதலாகத் தடுத்திருந்தால், அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் ஆணையம் இத்தகைய புகாரை ஏற்க முடியாது என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்தன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்து, தொலைத்தொடர்புச் சேவை குறித்த புகார்களையும் நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் மனுக் கட்டணமும் இல்லை. வீட்டு இணைய இணைப்புக்கு அதைவிட அதிகம் செலுத்துபவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

தடை அரசு உத்தரவால் என்றால், இந்த வழிகள் எதுவும் அதை நீக்காது. தளத்தின் உரிமையாளர் உயர் நீதிமன்றத்தை நாடுவதே மீதமுள்ள வழி. விதிகளின்படி, இரண்டு மாதங்களுக்கு ஒருமுறையாவது மறுஆய்வுக் குழு கூடித் தடைகளைப் பரிசீலிக்க வேண்டும். தேவையற்றது என்று கண்டால் தடையை நீக்க உத்தரவிடும் அதிகாரமும் அதற்கு உண்டு. அதன் நடவடிக்கைகளும் பொதுமக்கள் பார்வைக்கு வருவதில்லை.

உச்ச நீதிமன்றத்தின் முன்

தடை விதிக்கும் முன் உள்ளடக்கத்தை உருவாக்கியவருக்கு நோட்டீஸ் தராமல் இருக்க இடமளிக்கும் விதிகளையும், 16-வது விதியையும் எதிர்த்து மென்பொருள் சுதந்திரச் சட்ட மையம் உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்துள்ளது. 2025 மார்ச் மாதம் அம்மனுவை எடுத்துக்கொண்ட நீதிபதிகள் பி.ஆர்.கவாய், ஏ.ஜி.மசீஹ் அமர்வு, மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 'நபருக்கு அல்லது இடைநிலை நிறுவனத்துக்கு' நோட்டீஸ் தர வேண்டும் என்ற விதியில் உள்ள 'அல்லது' என்ற ஒரு சொல்லே அவ்வழக்கின் மையம். ஆளை அடையாளம் காண முடிந்தால், அவருக்கும் நோட்டீஸ் சென்றாக வேண்டும் என்பது மனுதாரரின் வாதம்.

தளம் திறக்காத வாடிக்கையாளருக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி அந்த மனுவிலும் நேரடியாக இடம்பெறவில்லை.